மாசி முதல் சித்திரை வரை: பூச்சிகளை மேக்ரோவில் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சிப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். இந்தப் பக்கத்தில் லென்ஸ் நடுவில்தான் வரும். பருவம், நேரம், செடி இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் மொபைலிலேயே நல்ல படம் அமையும். அவை தெரியாமல் விலை உயர்ந்த லென்ஸோடு போனால் வெறும் பூவை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கீழே உள்ளவை தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்து எழுதியவை. மலைக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் வசந்தம் என்று எந்த மாதங்களைச் சொல்வது?

குளிர்நாடுகளில் பனி உருகி, மண் சூடேறி, எல்லாப் பூச்சியும் ஒரே சமயத்தில் வெளியே வரும். இங்கே அப்படி ஒரு திடீர் தொடக்கம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற பச்சை மார்கழி, தை வரை தாங்கும். தை, மாசியில் மா பூக்கும். பங்குனியில் வேம்பும் புங்கையும் பூக்கும். சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தால் மறுபடியும் தளிர் விடும். ஆக, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பூவும் தளிரும் பூச்சியும் ஒன்றாகக் கிடைக்கும். கத்திரி தொடங்கிவிட்டால் சமவெளியில் பகல் வேட்டை வீண். அப்போது ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை என்று மேலே போனால் கோடைமழையில் நனைந்த சோலை ஓரங்களில் பருவம் இன்னும் இருக்கும்.

எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான் சிறந்தது. ஆனால் மழையில் காமிராவைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும். தொடங்குபவர்களுக்குப் பங்குனியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வெளிச்சம் வரும்போது அங்கே இருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

பூச்சியின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. இறக்கையை அடிக்கும் தசைகள் ஓரளவு சூடேறினால்தான் அதனால் எழும்ப முடியும். அதனால்தான் விடியலில் தட்டான் கிட்டே போனாலும் பறக்காமல், இறக்கையைக் கிடுகிடுவென்று நடுக்கிக்கொண்டு அதே இடத்தில் இருக்கும். அந்த நடுக்கம் பறப்பதற்கான ஆயத்தம். அதைப் பார்த்தால் உங்களுக்கு அதிக நேரம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். மாசிக் காலையில் உள்மாவட்டங்களில் பனித்துளியும் கிடைக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரவே புழுக்கமாக இருப்பதால் பூச்சிகள் சீக்கிரம் சுறுசுறுப்பாகிவிடும். அங்கே இன்னும் முன்னால் போக வேண்டும்.

பலர் தவறவிடும் இன்னொரு நேரம், பொழுது சாயும் வேளை. வயிற்றில் நீல வரிகள் ஓடும் ஒரு தேனீ உண்டு. கூட்டமாகக் கூடு கட்டாத, தனித்து வாழும் இனம். பெண் தேனீ மண்ணில் துளை போட்டுக் கூடு அமைக்கும். ஆண்களுக்குக் கூடு இல்லை. சூரியன் இறங்கும்போது அவை ஒரு காய்ந்த தண்டைத் தேடி வந்து, தாடையால் அதைக் கவ்விக்கொண்டு, கால்களை உடலோடு மடக்கி அப்படியே தூங்கிவிடும். ஒரே தண்டில் நான்கைந்து வரிசையாக இருக்கும். முதலில் வந்ததை அடுத்து வந்தது இடிக்கும், அது ஒரு காலை மட்டும் நீட்டித் தள்ளும், பிறகு இரண்டும் அடங்கும். பெரும்பாலும் மறுநாளும் அதே தண்டுக்கு வரும். வேலி ஓரத்திலோ துளசிப் பாத்தியிலோ அப்படி ஒரு தண்டைக் கண்டுபிடித்துவிட்டால் பல நாள் மாலைக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்தத் தண்டை மட்டும் யாரும் ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது? காட்டுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். ஒரு எருக்கஞ்செடி போதும்.

எருக்கைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், ஏனென்றால் இவ்வளவு கொடுக்கும் செடி வேறு இல்லை. சுடுகாட்டு ஓரம், ரயில் பாதை, காலி மனை என்று எங்கும் நிற்கும். இலையைத் திருப்பினால் மஞ்சள் நிற அசுவினிக் கூட்டம். அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள். அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டும், முதலையைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும் அதன் புழுவும். அந்தப் புழுவைப் பார்த்துப் பொறிவண்டின் குட்டி என்று பலர் நம்ப மாட்டார்கள். மேல் இலைகளில் மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த எருக்கு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். அது தின்பது எருக்கின் நஞ்சை. அதனால் ஒளிய வேண்டிய தேவை அதற்கு இல்லை, நிறத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். சீண்டினால் கசப்பான திரவத்தைப் பீய்ச்சும்.

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதும் இதில்தான். அதன் புழு கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணைக் கருப்புக் கொம்புகளோடு இருக்கும். அது தின்னத் தொடங்கும் முறையைப் படமெடுங்கள். நேராக இலையைக் கடித்தால் பால் பொங்கி வாயை ஒட்டிவிடும். அதனால் முதலில் இலையில் வளைவாக ஒரு பள்ளம் அறுத்துப் பாலை வடியவிட்டு, பிறகு உள்பக்கத்தைத் தின்னும். பூவிலே கருவண்டு வந்து உட்காரும்போது அதன் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். எருக்கின் மகரந்தம் தூளாக ஒட்டாது, சின்னப் பையாகக் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். பல வண்டுகளின் கால்களில் அந்த மஞ்சள் பைகள் தொங்குவதை நல்ல மேக்ரோவில் தெளிவாகப் பார்க்கலாம்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் உண்டு. தளிர் இலையில் வெளிர்மஞ்சள் உருண்டையாக, கடுகளவில் ஒரு முட்டை தெரிந்தால் அது எலுமிச்சை அழகியுடையதாக இருக்கலாம். புழு வெளிவந்ததும் தன் முட்டை ஓட்டைத் தின்னும். சிறு வயதில் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக இருந்து, கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் விடும். ஒரு பருவம் முழுக்க இந்த ஒரே செடியோடு இருந்து முட்டை முதல் இறக்கை வரை எடுத்தால், ஊர் ஊராக அலைந்து எடுக்கும் படங்களைவிட அது மேலான தொகுப்பு என்பது என் கருத்து.

மற்றபடி, பூத்த வேம்பின் தாழ்ந்த கிளைகளில் கொம்புத் தேனீயும் பூ ஈக்களும் வரும். தும்பையிலும் வெட்டுக்காயப் பூண்டிலும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் வரும். துத்தியில் சிவப்புப் பருத்திப் பூச்சிகள் கூட்டமாக இருக்கும். மாமரத்தில் முசுறு எறும்பு.

மேக்ரோ என்றால் சரியாக என்ன?

பூச்சியின் உண்மையான அளவே சென்சாரிலும் (காமிராவுக்குள் படம் பதியும் தகடு) விழுந்தால் அது 1:1. அதுதான் மேக்ரோவின் வழக்கமான வரையறை. பல காமிராக்களில் உள்ள சிறிய வகையான கிராப் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் நீளத் தேனீயை 1:1இல் எடுத்தால் படத்தின் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை அடைக்கும். எறும்பின் முகம் வேண்டும் என்றால் 2:1க்கு, அதாவது இரு மடங்குக்கு மேல் போக வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கு 1:2, அதாவது பாதி அளவே போதும்.

என்னிடம் காமிராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மூன்று வழி உண்டு.

மிக மலிவானது ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்தான். லென்ஸைத் திருப்பிப் போட்டு மாட்ட வேண்டும். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய 1:1 கிடைக்கும், 28 மி.மீ. என்றால் 2:1ஐத் தாண்டும். ஆட்டோஃபோகஸ் போய்விடும். அப்பர்ச்சரையும் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) காமிராவிலிருந்து மாற்ற முடியாது, எனவே அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் கிடைத்தால் அதுவே சௌகரியம். பூச்சிக்கு மிக நெருக்கமாகப் போக வேண்டியிருக்கும். வெளியே தெரியும் பின்பக்கக் கண்ணாடியில் தூசி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடி கிடையாது, லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக் குழாய்தான். குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் நீளத்தால் (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் போட்டால் 1:1. மின்தொடர்பு உள்ள குழாயையே வாங்குங்கள். அது இல்லாததை வாங்கினால் அப்பர்ச்சரை மாற்ற வழியில்லை.

நான் அதிகம் சிபாரிசு செய்வது மூன்றாவதை: 55-250 போன்ற, தொலைவைக் கிட்டே காட்டும் டெலி ஜூம் கிடைத்தால் அதன் முன்னால் மாட்டும் குளோஸ்அப் லென்ஸ். ரேனாக்ஸ் டிசிஆர்-250 பரவலாகப் புழங்குவது. அதன் சக்தி 8 டயாப்டர் (லென்ஸ் சக்தியின் அலகு). 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கிளிப் போல மாட்டலாம், கழற்றலாம். 55-250 லென்ஸில் 250 மி.மீ. வைத்தால் ஏறக்குறைய 2:1 கிடைக்கும். ஜூமைக் குறைத்தால் உருப்பெருக்கமும் குறையும். பூச்சிக்கும் உங்களுக்கும் நடுவே பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவு இடைவெளி எப்போதும் இருக்கும்.

மேக்ரோ லென்ஸ் வாங்குவதென்றால் 60ஆ, 100ஆ?

வெளியே பூச்சி எடுக்க 90, 100, 105 இவற்றில் ஒன்று. 60 மி.மீ. லென்ஸில் 1:1 வேண்டுமானால் பூச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது. 100இல் பதினாலு சென்டிமீட்டர் அளவு கிடைக்கும். அந்த நான்கு சென்டிமீட்டர்தான் ஃபிளாஷ் ஒளி நுழையும் இடம். பழைய மாடல், கைமாறியது என்று வாங்கினாலும் தவறில்லை. மேக்ரோ லென்ஸ்களில் தெளிவு மோசமாக உள்ளதைக் காண்பது அரிது.

மொபைலில் முடியுமா?

முடியும். குறைந்த விலை மொபைல்களில் தனியாகக் கொடுக்கும் 2 மெகாபிக்சல் 'மேக்ரோ காமிரா'வை மறந்துவிடுங்கள். மெயின் காமிராவின் மேல் கிளிப் லென்ஸ் மாட்டினால் அதைவிடப் பல மடங்கு நன்றாக வரும். அல்ட்ராவைடு காமிராவில் ஆட்டோஃபோகஸ் உள்ள மொபைல்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்கிப் போகும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் மொபைலின் நிழலே பூச்சியின் மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, மொபைலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே தொடர்ச்சியாக எடுங்கள். அசையாதவற்றைத் தேர்ந்தெடுங்கள்: முட்டை, கூட்டுப்புழு, தூங்கும் தேனீ.

கண் தெளிவாக இருக்கிறது, உடம்பு மங்கிவிடுகிறது. என்ன தவறு?

தவறு இல்லை, கணக்கு அப்படி. ஃபுல் ஃபிரேமில் (கிராப்பைவிடப் பெரிய சென்சார்) 1:1இல் அப்பர்ச்சரை எஃப் 8 என்று (எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எஃப் 16 வைத்தாலும் இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. 2:1க்குப் போனால் எஃப் 8இல் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். தேனீயின் தலையே மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்.

அப்பர்ச்சரை இன்னும் மூடினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் 1:1இல் நீங்கள் வைக்கும் எஃப் 8, ஒளிக்கு எஃப் 16 போலத்தான் வேலை செய்யும். எஃப் 22 வைத்தால் எஃப் 44 ஆகிவிடும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் 11க்குள் நில்லுங்கள். 2:1 என்றால் எஃப் 5.6 முதல் 8. (சில காமிராக்கள் மாறிய எண்ணையே திரையில் காட்டும். நிக்கான் அப்படி. அதில் எண் பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.)

மீதியைக் கோணத்தால்தான் சரிசெய்ய வேண்டும். ஊசித்தும்பியைப் பக்கவாட்டில் எடுப்பதென்றால் அதன் நீண்ட உடலுக்குச் சென்சார் இணையாக இருக்க வேண்டும். தலை முதல் வால் வரை ஒரே தளத்தில் வந்துவிடும். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்தால் நேர் பக்கவாட்டு. முகத்தை எதிரே எடுப்பதென்றால் உடம்பு மங்கட்டும். கண்ணின் முன்விளிம்பில் ஃபோகஸ் இருந்தால் பார்ப்பவருக்கு அது குறையாகவே தெரியாது.

ஃபிளாஷ் கட்டாயமா? பூச்சிக்குக் கெடுதல் இல்லையா?

கட்டாயம் இல்லை. விடியலில் அசையாமல் இருக்கும் பூச்சிக்கு இயற்கை வெளிச்சம்தான் அழகு. எஃப் 5.6, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800 அல்லது 1600 என்று தொடங்கலாம். ஆனால் 1:1க்கு மேல் போய்விட்டாலோ, பூச்சி நடக்கத் தொடங்கிவிட்டாலோ ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. காமிரா மேல் மாட்டும் தனி ஃபிளாஷான ஸ்பீட்லைட்டைக் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கும். உங்கள் கை நடுக்கமும் பூச்சியின் அசைவும் அதில் உறைந்துவிடும். மேனுவல், 1/200, எஃப் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் முழுச் சக்தியில் 1/16 என்று வைத்து, திரையைப் பார்த்து ஃபிளாஷ் சக்தியை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். காமிராவே ஃபிளாஷ் சக்தியைக் கணக்கிடும் டிடிஎல்லில் படத்துக்கு முன் ஒரு முன்மின்னல் அடிக்கும். சில ஈக்களும் குதிக்கும் சிலந்திகளும் அதற்கே திடுக்கிடும். மேனுவலில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான பூச்சிகள் ஃபிளாஷைக் கண்டுகொள்ளாமல் தின்றுகொண்டே இருக்கும். நகர்ந்து போனால், வேண்டாம் என்று அது சொல்வதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

முக்கியம் ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர்தான். வண்டின் முதுகு வழவழப்பானது. வெறும் ஃபிளாஷ் அதில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்து நிறத்தைத் தின்றுவிடும். ஒளி வரும் பரப்பு பூச்சியை நோக்கப் பெரிதாக இருக்க வேண்டும், பூச்சிக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். டிவி, மிக்ஸி வாங்கும்போது சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், ட்ரேசிங் பேப்பர், பால் நிற பிளாஸ்டிக் டப்பா எல்லாமே உதவும். ஃபோம் தாளை வளைத்து, லென்ஸ் முனைக்கு மேலே கூரை போல முன்னால் நீட்டிக் கட்டுங்கள். ஃபிளாஷுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டால் ஒளி தாள் முழுவதும் பரவும். கடையில் வாங்கும் டிஃப்யூசர் இதைவிட நேர்த்தியாக இருக்கலாம், ஒளி ஒன்றுதான்.

பகலில் எடுத்தும் பின்னணி கருப்பாக வருகிறதே?

தொலைவு கூடக் கூட ஃபிளாஷ் ஒளி வேகமாகக் குறையும். பூச்சி ஃபிளாஷிலிருந்து 15 செ.மீ. தூரத்திலும் பின்னால் உள்ள செடி 90 செ.மீ. தூரத்திலும் இருந்தால், செடிக்குக் கிடைப்பது முப்பத்தாறில் ஒரு பங்குதான். பூச்சிக்குப் பின்னால் ஓர் இலையாவது அருகில் வரும்படி கோணத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/100க்கு இறக்கி, ஃபிளாஷைக் குறையுங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்தால் நீலம் தானாக வரும். இரவில் எடுத்தது போன்ற கருப்பு சில பூச்சிகளுக்குப் பொருந்தும். ஆனால் பங்குனிப் பூவில் உட்கார்ந்த தேனீக்கு அது பொருந்தாது, அந்த வெயிலும் படத்தில் இருக்க வேண்டும்.

காற்று அடித்தால்?

காலையில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எட்டரைக்குள் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி, துணி காயப்போடும் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடலாம். அதற்கும் மேலான வழி, இடது கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் முனையை அதே கையின் மேல் வைத்துக்கொள்வது. பூச்சி, கை, காமிரா மூன்றும் சேர்ந்து ஆடும், ஒன்றுக்கொன்று அசையாது. இது ஒரு வாரத்தில் பழகிவிடும். பிறகு விடவே மாட்டீர்கள்.

கிட்டே போனாலே பறந்துவிடுகிறது. எப்படி நெருங்குவது?

உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. மேலே இருந்து குனியாதீர்கள், தரையோடு தாழ்ந்து போங்கள். காமிராவை முதலிலேயே முகத்துக்கு உயர்த்திவிட்டு நகருங்கள். அருகே போன பிறகு கையைத் தூக்கினால் அந்த அசைவுதான் விரட்டும். செடியின் எந்த இலையையும் இடிக்காதீர்கள். பல பூச்சிகள் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே தண்டின் அதிர்வால் அறிந்துவிடும்.

எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். தேன் குடிக்க உறிஞ்சியை இறக்கிவிட்ட வண்ணத்துப்பூச்சி, இரையைப் பிடித்த கும்பிடுபூச்சி, இணை சேர்ந்திருக்கும் வண்டு எல்லாம் இடம் கொடுக்கும். தட்டான் எழுந்து போனால் பின்னால் ஓடாதீர்கள். குச்சி நுனியில் உட்காரும் இனங்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே நுனிக்குத் திரும்பும். அங்கேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அசையாது என்கிறார்களே?

செய்யாதீர்கள். குளிரில் மரத்துப்போன பூச்சியால் எறும்பிடமிருந்தோ பல்லியிடமிருந்தோ தப்ப முடியாது. நீங்கள் திரும்பக் கொண்டுபோய் விடுவது இரையாகத்தான். சில திரும்ப எழுவதே இல்லை. படமும் பொய்யாக இருக்கும். மரத்த பூச்சியின் கால்கள் உள்ளே மடங்கியிருக்கும், உணர்கொம்பு தொங்கும், இலையைப் பற்றும் பிடி இருக்காது. பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். பசையால் ஒட்டுவது, நூலால் கட்டுவது, தவளை முதுகில் வண்டை ஏற்றி வைப்பது எல்லாம் இதே வகைதான். இப்படி எடுத்த படம் பரிசு வாங்கினாலும் அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

உயிரோடு, அதன் இடத்தில் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாட்டு ஈயின் கண்ணைக் கிட்டே பார்த்திருக்கிறீர்களா? பச்சையும் செம்பும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக மின்னும். அது சாயம் இல்லை, கண்ணின் மேல் தோலில் உள்ள நுண் அடுக்குகளில் ஒளி பட்டுத் தோன்றும் நிறம். ஈ இறந்து உலர்ந்ததும் அந்தப் பட்டைகள் மறைந்துவிடும். அருங்காட்சியகப் பெட்டியில் குத்தி வைத்ததில் வெறும் பழுப்புக் கண்தான் இருக்கும். அந்த நிறத்தைப் பதிவு செய்ய உயிருள்ள ஈயும் உங்கள் காமிராவும்தான் வழி.

திருப்பிய இலையைப் பழையபடி விடுங்கள். சுருட்டிய இலையைப் பிரிக்காதீர்கள், உள்ளே ஒரு புழு குடியிருக்கிறது. முசுறுக் கூட்டைக் கிழிக்கவே கூடாது. தம் புழுக்களைத் தாடையில் பிடித்து, அவை விடும் பட்டிழையால் இலையோடு இலையைத் தைத்துக் கட்டிய வீடு அது. பூச்சி மேல் தண்ணீர் தெளித்துப் பனித்துளி காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. மாசிக் காலையில் நிஜப் பனியே கிடைக்கிறது.

ட்ரைபாட், ஸ்டாக்கிங் தேவையா?

வெளியே ட்ரைபாட் பெரும்பாலும் சுமைதான். அதை ஊன்றி முடிப்பதற்குள் பூச்சி போய்விடும். முழங்கையை முட்டியிலோ தரையிலோ ஊன்றினால் போதும்.

பல படங்களை வெவ்வேறு ஃபோகஸில் எடுத்து ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் விடியலில் தூங்கும் பூச்சிக்கு அருமையாக வரும். ஓஎம் சிஸ்டம், பானசோனிக், கேனான், நிக்கான், ஃபியூஜி மாடல்கள் பலவற்றில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸைச் சிறிது சிறிதாக மாற்றித் தானாக எடுக்கும் வசதி) உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட்டில் வைத்து உடலை மெல்ல முன்னால் சாய்த்துக்கொண்டே எடுக்கலாம். பிறகு ஹெலிக்கான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர், ஃபோட்டோஷாப் ஆகிய மென்பொருள்களில் எதிலாவது சேர்க்கலாம். உணர்கொம்பு ஆடினால் இரட்டையாகத் தெரியும். முதல் வருடம் இதை விட்டுவிட்டு, ஒரே படத்தில் கோணத்தைச் சரியாகப் பிடிக்கப் பழகுவது நல்லது.

கடி, கொட்டு, அரிப்புக்கு என்ன முன்னெச்சரிக்கை?

முழுக்கை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. முட்டி போடுவதற்கு முன் தரையைக் குச்சியால் தட்டுங்கள். பாம்பும் தேளும் இருக்கும் இடங்கள்தான் இவை. மலைத்தேனீக் கூடும் குளவிக் கூடும் தெரிந்தால் மேக்ரோ ஆசையே வேண்டாம், விலகிவிடுங்கள். முருங்கை மரத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தடித்துப்போகும். பூக்களைத் தின்னும், கருப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டை விரலால் தொடாதீர்கள். அதன் சுரப்பு பட்ட இடம் கொப்பளிக்கும். ஆடு, மாடு மேயும் புல்லில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

உங்கள் தெரு, வயல், தோட்டத்துக்கு உரிமையாளர் சம்மதம் போதும். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றைப் பிடிப்பதே குற்றம். டிக்கெட் வாங்கிப் போகக்கூடிய நல்ல இடம், திருச்சி ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் வனத்துறை 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைத் தேடுபவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டும்.

எடுத்த பூச்சியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே அழகான முகப்படத்தை வைத்துப் பெயர் சொல்வது நிபுணருக்கும் கடினம். முகம் எடுத்த பிறகு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உட்கார்ந்திருக்கும் செடியோடு ஒன்று எடுத்துவிடுங்கள். செடி தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. இறக்கைகளை எண்ணுங்கள். தேனீ போலத் தெரிந்து, இரண்டே இறக்கையும் கட்டையான உணர்கொம்பும் இருந்தால் அது தேனீ வேடம் போட்ட பூ ஈ. மாமரத்து முசுறுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எட்டுக் காலோடு நடந்தால் அது எறும்பே இல்லை. முசுறைப் போலவே உருவெடுத்த குதிக்கும் சிலந்தி, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு வரும்.

உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதியும் இடமும் சேர்த்துப் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அதோடு இந்த ஊரில், இந்தத் தேதியில், இந்தச் செடியில் இந்தப் பூச்சி இருந்தது என்ற பதிவும் நிற்கும். நம் சிற்றூர்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு பதிவுகூடக் கிடையாது. காமிராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். ரா கோப்புகளை (காமிரா பதிவு செய்த மூலப் படங்கள்) ஊர்ப்பெயர், மாதம், செடி என்ற வரிசையில் அடுக்கி வைத்தால் அடுத்த பங்குனியில் எந்த வேலிக்கு எந்த வாரம் போக வேண்டும் என்பதற்கு உங்கள் படங்களே அட்டவணையாக இருக்கும்.